இல்லாத கட்டிலில் ஒரு ஆள்

"இது என் தம்பி இல்லை" என்று டீச்சர் சொன்னதும், இந்த அம்மாவுக்கு எங்கேயோ ஒரு ஆணி கழன்றுவிட்டது என்றுதான் சுருட்டை நினைத்தான்.

அப்படி நினைப்பது அவன் தொழிலில் சகஜம். துப்பறியும் அலுவலகத்தின் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது கழன்றிருக்கும். மீதிப் பேர் அதைக் கழற்றிவிட்டவர்கள். இரண்டு கூட்டத்தையும் வருடக்கணக்காகப் பார்த்ததில் அவன் தலைமுடி மொத்தமும் கொட்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வைத்த 'சுருட்டை' என்ற பெயர் மட்டும் கொட்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது கிண்டல் அடிப்பான். இன்று வாய் வரவில்லை. கட்டிலில் கிடந்த ஆள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தலைக்காய வார்டு அது. நீளமான கூடம், இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த கட்டில்கள். கதவோரக் கட்டிலில் இருந்தவருக்குத் தலையைச் சுற்றிக் கட்டு, மூக்கில் டியூப், கன்னம் முழுக்கத் தாடி. கண்களைத் தவிர எதுவும் அசையவில்லை. மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை. அதில் டீச்சருடைய தம்பியின் பெயரும் வயதும் பளிச்சென்று அச்சாகியிருந்தன.

"பட்டை உங்க தம்பியோடது. உள்ளே இருக்கிற கை?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"வேற யாரோடதோ."

வக்கீலம்மா இப்போது வக்கீல் இல்லை. கறுப்புக் கோட்டை ஒருநாள் ஆணியில் மாட்டியவர், மறுபடி எடுக்கவே இல்லை. கோர்ட்டில் நல்ல கேள்வியாகக் கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்து நின்றுவிடுகிறது, துப்பறியும் வேலையில் அந்தத் தொல்லை கிடையாது என்பார். சுருட்டைக்கு அவர் முதலாளி. சம்பளம் தாமதமாகும், திட்டு தாமதமாகாது.

"முதல்ல இருந்து சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் மழலைப் பள்ளியில் பாடம் எடுப்பவள். விரல்களில் மெழுகுக் கலர் ஒட்டியிருந்தது. அவள் தம்பி, விளம்பரப் பலகைக்குப் பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவன். உயிர் பிழைத்தான், பேச்சு பிழைக்கவில்லை. அன்றிலிருந்து வலிப்பு வேறு. தினமும் ஊசி போட்டால் அடங்கி இருக்கும். போடாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஏதாவது ஒன்றில் உயிர் போய்விடும் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"நான்தான் தினமும் வந்து பார்த்துக்கிட்டேன். நடுவுல என் பொண்ணுக்கு அம்மை போட்டுடுச்சு. வார்டுக்குள்ள விட மாட்டேன்னுட்டாங்க. எல்லாம் சரியாகி நான் வந்து பார்த்தா, தம்பி பேர்ல இவர் படுத்திருக்கார்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்."

"வீட்டுக்காரர்?"

"வந்து எட்டிப் பார்த்தார். 'உன் தம்பிதான், முகம் வீங்கியிருக்கு, நீ தூங்கினா சரியாயிடும்'னார்." டீச்சர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "முதல் நாள் இவரைப் பார்த்துக் கத்தினேன். மறுநாள் இவர் வாயோரம் வழிஞ்சதைத் துடைச்சு விட்டேன். வேற என்ன செய்ய? இப்போ ராத்திரி கனவுல தம்பி வரான் மேடம். இந்த முகத்தோட வரான். என் தம்பி முகம் எனக்கு மறந்து போயிடுமோன்னு பயமா இருக்கு."

சுருட்டைக்குக் கழன்ற ஆணி விஷயம் கொஞ்சம் உறுத்தியது.

தலைமை சிஸ்டர் வந்தார். கறாரான முகம், ஆனால் தூங்காத கண்கள். பழைய நர்ஸுகளை எல்லாம் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டு, இவரையும் இவர் ஆட்களையும் அண்மையில்தான் இந்த வார்டுக்குப் போட்டிருக்கிறார்கள்.

"நான் வரும்போதே இவர் இந்தக் கட்டில்லதான் இருந்தார். சிஸ்டத்துல என்ன இருக்கோ அதைத்தான் நான் சொல்ல முடியும். கதவோரக் கட்டில்னா இந்த அம்மாவோட தம்பி."

"பட்டையை யார் கட்டுறது?"

"குளிப்பாட்டும்போது பழசை வெட்டிடுவோம். கட்டில் நம்பரை அடிச்சா மெஷின் புதுசு போடும்."

"அதாவது, கட்டில் சொல்ற பேரைத்தான் கை போட்டுக்கும். ஆளை யாரும் கேக்கறது இல்லை."

"பேச முடியாதவங்களை எப்படிங்க கேக்கறது?" என்றார் சிஸ்டர். அதில் நியாயம் இருந்தது.

அந்த நேரத்தில் மருந்து வண்டி கடகடவென்று உள்ளே வந்தது. மருந்தகத்திலிருந்து ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு காகிதப் பொட்டலம், மேலே கட்டில் நம்பர். சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனார். கடைசியில் வண்டியில் ஒரு பொட்டலம் மிஞ்சியது. அதைத் தொட்டவர் சட்டென்று மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை உடையில் துடைத்துக்கொண்டார்.

"இது யாருக்கு?" வக்கீலம்மா கேட்டார்.

"அதை விடுங்க."

"விடுறதா இருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்."

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "பேய்க்கட்டிலோடது. தினமும் ஒண்ணு வரும். தினமும் திருப்பி அனுப்பறோம், தினமும் வருது. ஸ்கிரீன்ல 0-ன்னு ஒரு கட்டில் காட்டும், ஆள் இருக்குன்னு சிவப்பா எரியும். வார்டுல அப்படி ஒரு கட்டிலே கிடையாது. அதோ, அந்த இடத்தைத்தான் எல்லாரும் சொல்றாங்க."

கூடத்தின் கோடியில் ஒரு வெற்றுச் சுவர். ஆக்ஸிஜன் குழாய் இருந்தது, டிரிப்ஸ் பாட்டில் மாட்டும் கொக்கி இருந்தது, கட்டில் மட்டும் இல்லை. எப்போதோ எடுத்துப் போயிருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலை நன்றாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போன அட்டெண்டர் சுவரைப் பார்க்காமல் போனார்.

"ஒரு ஆயா அங்க யாரோ இருமுற சத்தம் கேட்டுதுன்னு வேலையை விட்டே போயிட்டாங்க" என்றார் சிஸ்டர்.

"அப்போ பேய்க்கு இருமல் மருந்தும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க சிஸ்டர்" என்றான் சுருட்டை. சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கொக்கி லேசாக ஆடியது. ஜன்னல் காற்றுதான். இருந்தாலும் தலையில் நட்டுக்கொள்ள முடி இல்லாத குறையை அவன் கைமுடி தீர்த்துவைத்தது.

வக்கீலம்மா பொட்டலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். 'கட்டில் 0. பெயர் தெரியாதவர். ஆண்.' உள்ளே இரண்டு மாத்திரைகள்.

"இது எதுக்குங்க?"

"பிரஷருக்கு."

"செத்தவங்களுக்குப் பிரஷர் ஏறாது, சுருட்டை" என்றார் வக்கீலம்மா. "உயிரோட இருக்கிற ஒரு ஆளுக்குத்தான் ஒரு டாக்டர் இதை எழுதியிருக்கார். அந்த ஆளுக்குக் கட்டில் இல்லை. இந்த டீச்சருக்குத் தம்பி இல்லை. ஒரே வார்டுல ரெண்டு பேர் தொலைஞ்சா அது ரெண்டு கேஸ் இல்லை. சிஸ்டத்தைப் பார்த்துக்கிற ஆள் எங்க உட்காருவார்?"

மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் இல்லாத அறை, உறுமிக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள், பல்லைக் கிட்டவைக்கும் ஏசி. ஆஸ்பத்திரி முழுக்க அவரைச் 'சிஸ்டம்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக இருந்தவர், மூன்று பேர் சேர்ந்து உள்ளே நுழைந்ததும் குல்லாவைக் கழற்றினார்.

"0 நம்பர் கட்டில் பத்திக் கேக்க வந்தோம்" என்றார் வக்கீலம்மா.

மனிதருக்குப் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. சுருட்டை கதவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டான். ஓடுகிற ஆளாகத் தெரியவில்லை, ஆனாலும் சினிமாவில் அப்படித்தான் நிற்பார்கள்.

"அது கட்டில் இல்லைங்க. ஒரு வசதிக்காக வெச்சது" என்று ஆரம்பித்தார் அவர். "ரெண்டு நோயாளியைக் கட்டில் மாத்தணும்னு வைங்க. ஒரே கட்டில்ல ரெண்டு பேரை சிஸ்டம் விடாது. ரெண்டு பேர் நாற்காலி மாத்திக்கிற மாதிரிதான். முதல்ல ஒருத்தர் எழுந்து நிக்கணும். மத்தவர் அங்க வந்து உட்காரணும். அப்புறம் நின்னவர் காலியானதுல உட்காரணும். அந்த நிக்கிற இடம்தான் 0."

"நிக்கும்போதே விளக்கு அணைஞ்சு போச்சுன்னா?"

"முன்னாடி அந்த பயமே இல்லைங்க. மூணு வேலையையும் ஒரே டிரான்ஸாக்ஷனா, ஒரே மூட்டையா கட்டியிருந்தேன். மூணும் நடந்தாத்தான் நடந்ததா எழுதும். நடுவுல எது தவறினாலும், நின்னவர் எழுந்திருக்கவே இல்லைங்கற மாதிரி எல்லாம் பழையபடி ஆயிடும்."

"முன்னாடின்னா? இப்போ?"

சிஸ்டம்காரர் குல்லாவைப் பிசைந்தார். "பிரிச்சுட்டேன். ஒரு மூட்டை முடியற வரைக்கும் அந்தக் கட்டில்களை வேற யாரும் தொட முடியாது. மத்த ஸ்கிரீன் எல்லாம் காத்துக்கிட்டு நிக்கும். கம்ப்யூட்டர் உறைஞ்சு போச்சுன்னு தினமும் போன்ல கத்துவாங்க. அதனால ஒவ்வொரு வேலையும் தனித்தனியா முடியற மாதிரி மாத்திட்டேன். எவ்வளவு வேகம்னு எல்லாரும் பாராட்டினாங்க. கேக் கூட வெட்டினாங்க."

"கேக்கையாவது முழுசா வெட்டினாங்களா, பாதியில விட்டாங்களா?" என்றான் சுருட்டை.

வக்கீலம்மா அவனைப் பார்த்த பார்வையில் ஏசி இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது. "இந்த டீச்சரோட தம்பி பேர்ல கட்டில் மாத்தச் சொல்லி ஏதாவது வந்துச்சா பாருங்க."

விசைகள் தட்டப்பட்டன. பதில் டீச்சரிடமிருந்து வந்தது.

"நான்தான் கேட்டேன்" என்றாள். "பொண்ணுக்கு அம்மை போடறதுக்கு முன்னாடி. ஜன்னல் பக்கம் போட்டா வெளிச்சம் வரும்னு கெஞ்சினேன். அங்க ஒருத்தர் இருந்தார். பேர் ஊர் தெரியாதவர், ரோட்டுல அடிபட்டுக் கிடந்தார்னு சொன்னாங்க. அவருக்குன்னு யாரும் வர மாட்டாங்க, மாத்தித் தரோம்னாங்க. அவர் முகத்தை நான் சரியாப் பார்த்ததில்லை, திரும்பி வந்தப்போ கதவோரத்துலயே தம்பி பேர் இருந்ததால மாத்தலைன்னுதான் நினைச்சேன்."

சிஸ்டம்காரரின் விரல்கள் நின்றுவிட்டன. திரையில் மூன்று வரிகளுக்குப் பதில் ஒரே ஒரு வரி இருந்தது. ஜன்னலோரத்துப் பெயர் தெரியாதவர் 0-க்குப் போயிருந்தார். அதற்கு அடுத்த நொடி வார்டில் நெட்வொர்க் போயிருந்தது. மற்ற இரண்டும் நடக்கவே இல்லை.

வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விடை கிடைத்துவிட்டால் அவரால் நிற்க முடியாது, உட்கார்ந்துதான் சொல்வார்.

"சுருட்டை, கேட்டுக்கோ. கட்டிலைத் தள்ளின அட்டெண்டர்களுக்கு நெட்வொர்க் தேவையில்லை. அவங்க ரெண்டு கட்டிலையும் சரியா மாத்திட்டாங்க. டீச்சரோட தம்பி ஜன்னலுக்குப் போயாச்சு, பேர் தெரியாதவர் கதவுக்கு வந்தாச்சு. ஆனா சிஸ்டம் என்ன சொல்லுது? கதவோரம் தம்பி. ஜன்னலோரம் யாருமில்லை. மறுநாள் குளிப்பாட்டும்போது கதவோரத்து ஆளுக்குத் தம்பி பேர்ல பட்டை போட்டாச்சு. ஜன்னலோரத்துல தம்பியோட பழைய பட்டையை வெட்டினதோட சரி, காலிக் கட்டில்னு மெஷின் புதுசு போடலை. அன்னைக்கு வார்டு நர்ஸுகளும் மாறிட்டாங்க. புதுசா வந்தவங்களுக்குக் காலிக் கட்டில்ல ஒரு ஆள் தெரியறார். சிஸ்டத்துல கட்டில் இல்லாம ஒரு பேர் தெரியாதவர் இருக்கார். நீயா இருந்தா என்ன நினைப்ப?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு நினைப்பேன்." சொல்லிவிட்டுச் சுருட்டைக்கே தூக்கிவாரிப் போட்டது. "அய்யோ. அப்போ டீச்சரோட தம்பிதான் பேர் தெரியாதவர் ஆயிட்டாரா?"

"பேர் தெரியாதவங்களை எங்க அனுப்புவீங்க?" என்று வக்கீலம்மா திரும்பினார்.

"காப்பகத்துக்கு" என்றார் சிஸ்டம்காரர், திரையைப் பார்த்தபடி. "அனுப்பியாச்சு. வேனுக்கும் காப்பகத்துக்கும் சீட்டு போயிருக்கு. அதுக்கப்புறம் கட்டிலைக் காலி பண்ணணும், மருந்தை நிறுத்தணும். காலி பண்ண 0-ன்னு ஒரு கட்டில் வார்டு லிஸ்ட்ல இல்லை. அங்கேயே சிஸ்டம் நின்னுடுச்சு. அதையும் பிரிச்சுத்தான் வெச்சிருந்தேன். ஆள் போயிட்டார், மருந்து இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

"நின்னது உங்களுக்குத் தெரியாதா?"

சிஸ்டம்காரர் குல்லாவை மேசைமேல் வைத்தார்.

"தெரியும்" என்றார். "தினமும் காலையில தப்புன்னு ஒரு தகவல் வரும். 0-ல ஒரு வரி மாட்டிக்கிட்டு இருக்குன்னு சொல்லும். அப்புறம் பார்த்துக்கலாம்னு ஒதுக்கி வெச்சேன். வரின்னுதான் நினைச்சேன் மேடம். ஆள்னு நினைக்கலை."

டீச்சர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவனுக்கு ஊசி யார் போட்டாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஊசியைப் போட்டார்கள். தினமும் தவறாமல் போட்டார்கள், கதவோரக் கட்டிலில் கிடந்த வேறு ஒருவருக்கு.

வக்கீலம்மா காப்பகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மேற்பார்வையாளரின் களைத்த குரல் வந்தது. "தலையில கட்டோட வந்தவரா? ஆமா, இருக்கார். வந்ததுல இருந்தே உடம்பு வெட்டி வெட்டி இழுக்குது. இன்னைக்குக் காலையில இருந்து விடவே இல்லை. பக்கத்து டாக்டர் ஏதோ ஊசி போட்டிருக்கார், தாங்குமான்னு தெரியலைங்க."

டீச்சர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"உடனே இங்க அனுப்புங்க" என்றார் வக்கீலம்மா.

"உங்க சிஸ்டத்துல இருந்து ரத்துன்னு வரட்டும், அடுத்த நிமிஷம் ஏத்துறேன். முன்னாடி ஒருத்தரை இப்படித்தான் போன்ல சொன்னாங்கன்னு அனுப்பி வெச்சேன். அவரை இன்னை வரைக்கும் தேடிக்கிட்டு இருக்கோம். என்னை மன்னிச்சிடுங்க."

சிஸ்டம்காரர் பாய்ந்து விசைப்பலகையை இழுத்தார். "இதோ, அனுப்பினதை ரத்து பண்றேன். ஒரே ஒரு தட்டு."

"தட்டினா என்ன ஆகும்?" டீச்சர்தான் கேட்டாள்.

"காப்பகத்து லிஸ்ட்ல இருந்து அந்தப் பேர் தெரியாதவர் போயிடுவார். உங்க தம்பி கிளம்பிடலாம்."

"மேல படுத்திருக்காரே, நிஜமான பேர் தெரியாதவர். அவர் எங்க இருப்பார்?"

"0-லதான். அதை அப்புறமா ஒரு நல்ல கட்டிலுக்கு மாத்தணும்."

"அந்த 'அப்புறமா' நடக்கலைன்னா?"

அவர் கை விசைப்பலகையிலிருந்து விலகியது. வக்கீலம்மா சொன்னார், மெதுவாக. "காப்பகத்திலயும் இருக்க மாட்டார், இங்கயும் கட்டில் இருக்காது. உலகத்துல எந்த லிஸ்ட்லயும் இருக்க மாட்டார். உங்க தம்பி வந்ததும் கதவோரக் கட்டிலைக் கேப்பாங்க, இவரைத் தள்ளிக் கொண்டு போய் எங்கயாவது நிறுத்துவாங்க. நாளைக்கு யாரோ ஒருத்தருக்கு இவர் பேய்."

சுருட்டை டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றான். அவள் தம்பி அங்கே வெட்டி இழுத்துக்கொண்டிருக்கிறான். ஒரு தட்டு தட்டினால் கிளம்பிவிடுவான். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் விசையைத் தானே தட்டியிருப்போம் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"என் தம்பி வேற ஒருத்தரோட இடத்துல தொலைஞ்சான்" என்றாள் டீச்சர். "அதே மாதிரி இன்னொருத்தரைத் தொலைச்சுட்டு அவனைக் கூட்டிட்டு வர மாட்டேன். ரெண்டும் சேர்ந்து நடக்கணும். முன்னாடி கட்டி வெச்சிருந்தீங்களே, அந்த மாதிரி கட்டுங்க." அதற்குப் பிறகு அவள் குரல் உடைந்தது. "சீக்கிரமா கட்டுங்க அண்ணா. கையெடுத்துக் கும்பிடறேன்."

சிஸ்டம்காரர் கட்டினார். காப்பகத்துக்கு அனுப்பியதை ரத்து செய்வது, பெயர் தெரியாதவரை 0-லிருந்து எடுப்பது, நிஜக் கட்டிலில் போடுவது, அவர் மருந்தை அந்தக் கட்டிலுக்குத் திருப்புவது, எல்லாம் ஒரே மூட்டைக்குள். சுருட்டை மேலே ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னான். தலைமை சிஸ்டர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். கதவோரத்து ஊசியை அப்போதே நிறுத்தி, எடுத்து வைத்தார். ஜன்னலோரத்துக்குப் புது ஆள் வந்துவிட்டார், நடுக்கட்டில் நோயாளி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், அந்தக் கட்டில் நம்பரைப் போடச் சொல்லுங்கள் என்றார்.

சுருட்டை மூச்சு வாங்கக் கீழே வந்து சொன்னான். சிஸ்டம்காரர் தட்டினார். திரை யோசித்தது. பிறகு சிவப்பாக ஒரு வரி வந்தது.

"தவறிடுச்சு" என்றார். "நடுக்கட்டில் இன்னும் காலியாகலை. கிளம்பற ஆளுக்கு டிஸ்சார்ஜ் முடியலை."

டீச்சர் போனைப் பிடுங்கினாள். "காப்பகத்துக்கு ரத்து வந்துச்சா?"

"ஒண்ணும் வரலையேம்மா" என்றது களைத்த குரல்.

சிஸ்டம்காரர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். பெயர் தெரியாதவர் காப்பகத்து லிஸ்டில் இருந்தார். எதுவும் நகரவில்லை, எதுவும் பாதியில் நிற்கவில்லை. "எல்லாம் பழையபடியே இருக்கு. தனித்தனியா தட்டியிருந்தா முதல்ல ரத்து போயிருக்கும், அப்புறம் இங்க மாட்டியிருக்கும். இவர் தொலைஞ்சிருப்பார்" என்றார். சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"பாராட்டு விழாவை அப்புறம் வெச்சுக்கலாம்" என்று எழுந்தார் வக்கீலம்மா. "வேற கட்டில் வேணும். சுருட்டை, வா." டீச்சரும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

வார்டு நிரம்பி வழிந்தது. தலைமை சிஸ்டர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை கோடியில் இருந்த வெற்றுச் சுவரில் போய் நின்றது.

"கிடங்குல ஒரு கட்டில் இருக்கு" என்றார். "ஆனா என் ஆளுங்க யாரும் அங்க கொண்டு போய்ப் போட மாட்டாங்க."

"நான் உங்க ஆள் இல்லையே" என்றான் சுருட்டை.

கட்டிலின் ஒரு சக்கரம் சண்டித்தனம் செய்தது. சிஸ்டர் ஒரு பக்கம், சுருட்டை ஒரு பக்கம், தள்ளினார்கள், இழுத்தார்கள். சுவரை நெருங்கியபோது சுருட்டை கொக்கியைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துத் தள்ளினான். கட்டிலை ஆக்ஸிஜன் குழாய்க்கு அடியில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தார்கள். சிஸ்டர் மேசைக்கு வந்து, வார்டு லிஸ்டில் அதற்கு ஒரு நம்பர் ஏற்றினார். 0 இல்லை, வரிசையில் கடைசி நம்பர்.

கீழே மூட்டை மறுபடி கட்டப்பட்டது. இந்தத் தடவை மேசைத் திரையில் சிவப்பு வரவில்லை. 0 என்று எரிந்துகொண்டிருந்த சின்னக் கட்டம் அணைந்தது, புது நம்பரில் ஒரு கட்டம் எரிந்தது. அதே சமயம் டீச்சரின் கையிலிருந்த போன் பேசியது. "வந்துடுச்சும்மா. ஆளை வண்டியில ஏத்தறோம்."

கதவோரத்தில் இருந்தவரைப் புதுக் கட்டிலுக்கு மாற்றினார்கள். மணிக்கட்டில் இருந்த பட்டையை சிஸ்டர் தானே வெட்டினார். புதுப் பட்டையில் 'பெயர் தெரியாதவர்' என்றுதான் அச்சானது. ஆனாலும் அது அவருடையது. அவர் கண்கள் சுவரையும் குழாயையும் கொக்கியையும் சுற்றிவிட்டு டீச்சரிடம் வந்து நின்றன. டீச்சர் போர்வையை அவர் தோள் வரைக்கும் இழுத்துவிட்டாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.

ஸ்ட்ரெச்சரில் இருந்தவனுக்குத் தலைக்கட்டு இல்லை. காப்பகத்தில் பேனுக்குப் பயந்து மொட்டை அடித்திருந்தார்கள், தாடியையும் மழித்திருந்தார்கள். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, யாரோ ஒரு முதியவரைப் போல் இருந்தான். உயிர் இருந்தது. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, எடுத்து வைத்த ஊசியைப் போட்டு, "தப்பிச்சுட்டார்" என்று சொன்னார். கதவோரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

எல்லாரும் விலகி வழி விட்டார்கள். டீச்சர் கட்டிலுக்கு ஒரு அடி தள்ளி நின்றாள். அவனைப் பார்த்தாள். கோடியில் இருந்த புதுக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி இவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை என்பதைச் சுருட்டை அப்போதுதான் கவனித்தான்.

அவள் தலை மெல்ல மேசைப் பக்கம் திரும்பியது.

"சிஸ்டர்," என்றாள், "ஸ்கிரீன்ல என்ன போட்டிருக்கு? கதவோரக் கட்டில்ல யார்னு போட்டிருக்கு?"

இத்தனை நாளாக, இது அவன் இல்லை என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தியவள் அவள் ஒருத்திதான்.

வக்கீலம்மா மேசைக்குப் போனார். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்க சொல்லுங்க டீச்சர். அது உங்களைக் கேட்டு எழுதிக்கட்டும்."

டீச்சர் பக்கத்தில் போனாள். மொட்டைத் தலையில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். குனிந்து காதோரம், "டேய் பூசணி" என்றாள். வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயராக இருக்கும். ஒட்டிப்போன அந்த முகத்தில் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. பூசணி என்று கூப்பிட்டால் சின்ன வயதிலிருந்தே பிடிக்காதவனின் கோணல் அது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது.

"இவன்தான்" என்றாள். "மேடம், இவன்தான். என் தம்பிதான்."

சிஸ்டர் மூக்கை உறிஞ்சினார். சிஸ்டம்காரர் கதவுக்கு வெளியே நின்றபடி குல்லாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுருட்டை நிம்மதியாக மூச்சு விடப் போனான்.

டீச்சர் நிமிர்ந்து வக்கீலம்மாவைப் பார்த்தாள். தம்பியின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் வேறு முகம் வந்துவிடும் என்பது போல் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அப்போ நான் ஏன் மேடம் அந்த ஸ்கிரீனைக் கேட்டேன்?"

எந்த ஆளின் எந்தக் கேள்விக்கும் ஒரு கிண்டலாவது கைவசம் வைத்திருக்கும் சுருட்டை, வக்கீலம்மா ஏதாவது சொல்வார் என்று அவரைப் பார்த்தான். பக்கத்தில் நாற்காலி இருந்தும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.